மருமகள் நடத்திய விபத்து

என் மருமகளுக்கு நான் அறுபதாயிரம் கடன்பட்டிருந்தேன்.

இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். மெத்தைக்காரர் கடன் கொடுப்பார், வாங்க மாட்டார் என்று கடைத்தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சம்பாதிக்க எனக்கு நாற்பது வருஷம் ஆயிற்று. நான் படித்தது நாலாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று இன்றுவரை தெரியாது. தெரியாமலே ஒரு கடை, பின்னால் ஒரு பட்டறை, ஒரு வண்டி, மாடி வைத்த வீடு என்று கட்டி நிறுத்திவிட்டேன். ஒரு ஆள் கடைக்குள் நடந்து வருவதைப் பார்த்தே அவர் மல்லாந்து தூங்குகிறவரா, ஒருக்களித்துத் தூங்குகிறவரா என்று சொல்லிவிடுவேன். நான் தைத்த மெத்தை எதுவும் திரும்பி வந்ததில்லை. ஒன்றே ஒன்று வந்தது. அது புருஷன் பெண்டாட்டி சண்டை, மெத்தைமேல் குற்றமில்லை.

இந்தக் கதை என்னைப் பற்றியது அல்ல, என் மருமகளைப் பற்றியது. ஆனால் அவள் எப்படிப்பட்ட ஆளுக்கு மருமகளாக வந்தாள் என்று தெரிந்தால்தான் மீதி புரியும்.

கல்யாணம் பேசப் போனபோது அவள் கல்லூரியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர். என்னைப் போலவே பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தவர். அவர் கேட்டது ஒன்றுதான்: பெண்ணின் படிப்பை நடுவில் நிறுத்தக் கூடாது.

“என்ன படிப்பு?” என்றேன்.

“ஆஸ்பத்திரி நிர்வாகங்க. பட்டப் படிப்பு.”

“டாக்டருக்கா?”

“இல்லங்க.”

“அப்ப நர்ஸுக்கு.”

“அதுவும் இல்லங்க.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அதுக்கு மேல எனக்கும் தெரியாது. அவளையே கேட்டுடுங்க.”

அவள் உள்ளே இருந்து வந்தாள். குள்ளமான பெண், பெரிய கண்ணாடி, கையில் பேனா மை. “டாக்டர் நோயாளியைப் பாப்பாங்க. சரி. அந்த டாக்டரையும் அந்த நோயாளியையும் ஒரே நேரத்துல ஒரே அறைக்குள்ள கொண்டுவந்து சேர்க்கிறது யாரு? கட்டில் இருக்கா, மருந்து இருக்கா, லிஃப்ட் ஓடுதா, பில் சரியானு பாக்கிறது யாரு? அதைத்தான் படிக்கிறேன்” என்றாள்.

அந்த நிமிஷமே நான் முடிவு செய்துவிட்டேன். என் மகனுக்கு வாய் திறக்கிற வழக்கம் கிடையாது. கொட்டாவி விடவும் சாப்பிடவும் மட்டும் திறப்பான். அவனுக்கும் சேர்த்துப் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது.

வந்த முதல் மாதமே எங்கள் வீட்டில் அவளுக்கு மேனேஜர் என்று பெயர் விழுந்துவிட்டது. காலையில் குளியலறை வாசலில் கையில் கடிகாரத்தோடு நிற்பாள். நான் உள்ளே போனால் ஏதோ குறித்துக்கொள்வாள், வெளியே வந்தால் மறுபடி குறிப்பாள்.

“ஏம்மா, இதையெல்லாமா காலேஜ்ல கேக்கறாங்க?” என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

“வரிசையைப் பத்தி ஒரு பாடமே இருக்கு அத்தை. ஒரே ஜன்னல், நாலு பேர் காத்திருக்காங்க. யாரு, எந்த இடத்துல நேரத்தைத் தின்னுறாங்கனு கண்டுபிடிக்கணும்.”

“அதுக்கு எதுக்குப் படிப்பு? உங்க மாமாதான். உள்ள போய்ப் பேப்பர் படிக்கிறார்.”

“அதுவும் இருக்கு அத்தை. ஆனா மத்தவங்க பாதி நேரம் உள்ள பல்லு தேய்க்கிறீங்க, தலை சீவுறீங்க. அதுக்குக் கதவைச் சாத்தணுமா?”

அன்று சாயங்காலமே என் மகனைப் பிடித்துக் கண்ணாடியையும் பிரஷ் வைக்கும் டப்பாவையும் வெளியே நடைபாதைச் சுவரில் மாட்ட வைத்தாள். மறுநாள் காலையில் குளியலறை வாசலில் ஒருவரும் இல்லை. இருபது வருஷமாக அந்த வாசலில் சண்டை போட்ட குடும்பம், சண்டைக்கு ஆள் கிடைக்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது. இது ஒரு படிப்புத்தான் என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டேன்.

ஊர்க்காரர்களுக்குத்தான் புரியவில்லை. எதிர்க் கடை கோழிக்காரர் ஒருநாள் முழங்காலைத் தூக்கி அவளிடம் காட்டினார்.

“நான் டாக்டர் இல்லண்ணே” என்றாள்.

“பரவால்லம்மா. பாதி டாக்டர்தானே.”

“கால் டாக்டர்கூட இல்லண்ணே.”

“எனக்கும் கால்தாம்மா வலி.”

அவள் முழங்காலைப் பார்க்கவில்லை. எந்தக் கிழமை போனால் எலும்பு டாக்டர் இருப்பார், எந்த ஜன்னலில் முதலில் நிற்க வேண்டும், எந்தச் சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். வழக்கமாக ஆஸ்பத்திரியில் முழு நாளைத் தொலைத்துவிட்டு வருகிறவர், மதியச் சாப்பாட்டுக்கே கோழியை அறுக்க வந்துவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா. யோசனை கேட்க என் கடையில் கூட்டம். காத்திருக்கிறவர்கள் சும்மா நிற்காமல் என் மெத்தைகளில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களில் ஐந்து பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். மெத்தை அப்படி.

படிப்பு எங்கள் வாயிலும் ஏறிவிட்டது. அவள் பட்டறையில் உட்கார்ந்துதான் மனப்பாடம் செய்வாள். “ஐடிஸ்னு முடிஞ்சா வீக்கம். எக்டமினு முடிஞ்சா வெட்டி எடுக்கிறது.” தையல் மிஷின் சத்தத்தை மீறி இதைச் சொல்லிச் சொல்லி, நான் ஸ்பாஞ்சில் கத்தி வைத்தால் என் வீட்டுக்காரி, “இன்னிக்கு எத்தனை எக்டமி?” என்று கேட்க ஆரம்பித்தாள். நான் வாடிக்கையாளரிடம் என் பெருமையைச் சொன்னால், “அவருக்கு வாயைடிஸ், கண்டுக்காதீங்க” என்பாள்.

கடனுக்கு வருகிறேன்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஐந்து மாடி ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. அங்கே நூறு மெத்தை வேண்டும் என்று ஆர்டர் வந்தது. நானே போய், நானே பேசி, நானே பிடித்த ஆர்டர். அப்போது மருமகள் அங்கே பயிற்சிக்குப் போகவில்லை, போவாள் என்றும் தெரியாது. நாலு அங்குலக் கெட்டி ஸ்பாஞ்சு, தண்ணீர் இறங்காத நீல ரெக்ஸின் உறை. ரெக்ஸின் தைக்க என் பழைய மிஷினுக்குப் பல் போதாது. புது மிஷின் அறுபதாயிரம். கையில் இருந்ததெல்லாம் ஸ்பாஞ்சில் போய்விட்டது. வங்கிக்காரர் என்னிடம் கேட்ட காகிதங்களை அடுக்கினால் அதுவே ஒரு மெத்தை கனம் வரும்.

மருமகள் இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்தாள். மூன்றாம் நாள், “மாமா, அப்பா குடுத்த ஃபீஸ் பணம் பெட்டில சும்மாதான் தூங்குது. கடைசி செமஸ்டருக்குத்தான் வேணும். எடுத்துக்கங்க” என்றாள்.

“மருமககிட்ட கை நீட்டுற ஆளா நான்?”

“கை நீட்டாதீங்க. கடனா வாங்குங்க. வட்டி போடுறேன்.”

“எவ்வளவு?”

“நான் படிக்கும்போது யாரும் என்னை டீ போடச் சொல்லக் கூடாது. எனக்கு டீ போட்டுக் குடுக்கணும். நீங்கதான் போடணும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.”

என் வீட்டுக்காரி வாயில் புடவையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் வட்டியை ஒருநாள்கூடப் பாக்கி வைக்கவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், என் டீக்கு இந்தத் தெருவில் ஈடு கிடையாது.

நூறு மெத்தையும் தைத்தோம். ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் வெள்ளை நூலால் குறுக்குத் தையல், அது என் அடையாளம். வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினால், அன்றைக்கென்று காய்ச்சல்காரர்கள் கூட்டம். நர்ஸுகள் படியிறங்கி ஓடிவந்து, பேருந்தில் சீட் பிடிப்பது போல் ஆளுக்கு இரண்டு மெத்தையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். என் சரக்குக்கு அப்படி ஒரு கிராக்கி என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு முறை உண்டு. எந்தச் சரக்கு வந்தாலும் ஸ்டோரில் இருக்கிற அம்மா கண்ணால் எண்ணி முத்திரை குத்த வேண்டும். முத்திரை விழுந்தால்தான் பணம். என் மெத்தைகளோ ஸ்டோருக்குள் கால் வைக்காமலே வார்டுகளுக்குப் போய்விட்டன.

“பெரியவரே, உங்க மெத்தை மேலெல்லாம் நோயாளிங்க படுத்திருக்காங்க. எழுப்பி நிக்க வச்சா எண்ணுறது?” என்றாள் ஸ்டோர் அம்மா. நல்ல மனுஷிதான். எனக்காக வார்டு வார்டாகப் போய்ப் போர்வை ஓரத்தைத் தூக்கி எண்ணினாள். முதல் தடவை எண்பத்தேழு. அடுத்த தடவை நூற்றி நாலு.

“நீங்க குடுத்ததே நூறு. மேல நாலு எங்கேருந்து வந்துச்சு?”

“குட்டி போட்டிருக்கும்மா.”

அவள் சிரிக்கவில்லை. விஷயம் என்னவென்றால், அங்கே நோயாளியை ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு மாற்றினால் மெத்தையோடு சேர்த்துத் தூக்கிவிடுவார்கள். இந்த அம்மா இரண்டாம் மாடியில் எண்ணிவிட்டு மூச்சு வாங்கப் படியேறுவதற்குள், எண்ணின மெத்தை லிஃப்டில் அவளுக்கு முன்னால் மூன்றாம் மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டிருக்கும்.

கணக்குப் பிரிவு அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். அவருக்கு ஆஸ்பத்திரியில் ‘நாளைக்கு’ என்றுதான் பெயர். முதுகுவலிக்காரர், ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டே நடப்பார். என்னைத் தூரத்தில் கண்டாலே, “முத்திரை இல்லையே. நாளைக்கு வாங்க” என்று சொல்லிவிட்டு வேறு வாசல் வழியாகப் போய்விடுவார். நாலு மாதம் இப்படிப் போயிற்று.

கடைசி செமஸ்டர் வந்துவிட்டது. சனிக்கிழமை மதியத்துக்குள் ஃபீஸ் கட்டாதவர்கள் பரீட்சை எழுத முடியாது, ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரி வளையலைக் கழற்றினாள். மருமகள் அதை மறுபடி மாட்டிவிட்டாள். “வேணாம் அத்தை. ஒரு கடனை அடைக்க இன்னொரு சொத்தை விக்கிறதுக்குப் பேரு நிர்வாகம் இல்ல.” என் மகன் புது மிஷினைக் கை காட்டினான். அதை விற்றால் அப்புறம் பட்டறையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஸ்பாஞ்சு மொத்த வியாபாரிக்கே நான் பாக்கி.

அந்தச் சமயம் பார்த்து மருமகளுக்குப் பயிற்சி போட்டிருந்தது அதே ஆஸ்பத்திரியில். எனக்கு ஒரே சந்தோஷம்.

“நீ ஒரு வார்த்தை சொன்னா போதுமேம்மா. அந்த நாளைக்கு சார் உன் மேஜைக்குப் பக்கத்து மேஜைதானே.”

“சொல்ல மாட்டேன் மாமா. நான் அங்க பழக வந்த மாணவி. மாமனார் பில்லுக்கு சிபாரிசு பண்ணக் கூடாது. முதல் வருஷத்துலயே அது பாடம்.”

“அப்ப அந்தப் பாடத்தை எழுதின ஆளையே உன் ஃபீஸைக் கட்டச் சொல்லு.”

“மாமா.”

“உனக்கு ஒரு வருஷம் போகுதும்மா.”

“போகட்டும். கேக்க மாட்டேன்.” சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு பெரிய வேலை இருந்தது. விபத்து ஒத்திகை. பேருந்து கவிழ்ந்து முப்பது பேர் ஒரே நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வருவது போல நடித்துக் காட்ட வேண்டும். யார் எங்கே நிற்பது, எந்தக் கதவு, எந்தக் கட்டில் எல்லாம் அவள் திட்டம். அவளுடைய பேராசிரியர் நின்று பார்த்து மதிப்பெண் போடுவார். அடிபட்டவர்களாக நடிக்க ஆள் வேண்டும் என்றாள். ஃபீஸ் கட்ட வழியில்லாமல் ஒத்திகை எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. குடும்பமே கிளம்பினோம்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெட்டியில் நாலு நிறத்தில் அட்டைகள் இருந்தன. சிவப்பு என்றால் உடனே காப்பாற்ற வேண்டியவர், மஞ்சள் என்றால் கொஞ்சம் காத்திருக்கலாம், பச்சை என்றால் நடந்தே போகலாம். கறுப்பு என்றால் இறந்தவர். ஆளுக்கு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். என் மகனுக்குச் சிவப்பு. வீட்டுக்காரிக்குக் கால் முறிந்த மஞ்சள். எனக்குக் கறுப்பு.

“வேற குடும்மா” என்றேன். “நாலாம் வகுப்புப் படிச்சுட்டு மாடி வீடு கட்டினவன் நான். பஸ்ஸு கவுந்தா சாகுற ஆளா?”

“மாமா, இருக்கிறதுலயே லேசான வேலை அதுதான். பேசாம படுத்திருந்தா போதும்.”

“அந்தப் ‘பேசாம’தான் அவருக்குக் கஷ்டம்” என்றாள் என் வீட்டுக்காரி, முறிந்த காலால் நன்றாக நடந்துகொண்டே.

“எழுந்தாலோ பேசினாலோ எனக்கு மார்க் போயிடும் மாமா” என்றாள் மருமகள். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. செத்துப்போனேன்.

செத்தவர்களைக் கீழ்த்தளத்தில், நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற கூடத்தில் தரையில் மெத்தை போட்டு, வெள்ளைத் துணி விரித்துப் படுக்க வைத்தார்கள். மொத்தம் நாலு பேர். இரண்டு பேர் மருமகளின் வகுப்புப் பிள்ளைகள். எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தவரை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். எனக்கு உயிரே வந்துவிட்டது.

நாளைக்கு.

ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு ஆள் கலந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவாம். சிவப்பு வந்தால் கத்த வேண்டும், புரள வேண்டும், முதுகு தாங்காது என்று கெஞ்சிக் கேட்டுக் கறுப்பை வாங்கியிருக்கிறார். நாலு மாதமாகக் கண்டதும் ஓடுகிற மனுஷன், எழுந்திருக்கக் கூடாத இடத்தில், என் முழங்கைக்குப் பக்கத்தில்.

“சார்” என்றேன், உதடு அசையாமல்.

“யாரு?”

“மெத்தைக்காரர்.”

அவர் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். “பெரியவரே, நாம ரெண்டு பேரும் செத்துட்டோம்.”

“அதான் சார் நல்லதாப் போச்சு.”

“செத்தவன்கிட்ட பில்லு கேக்கறது நியாயமா?”

“உயிரோட இருந்தப்ப கேட்டேன். குடுக்கலையே.”

“முத்திரை வேணும் பெரியவரே. முத்திரை வந்தா அன்னிக்கே செக் எழுதிடுவேன்.”

“சத்தியமா?”

“செத்தவன் பொய் சொல்லுவானா?” என்றார். கொஞ்சம் அசைந்து படுத்தார். “இது யாரு போட்ட மெத்தை? முதுகு வலியே தெரியலையே.” அடுத்த மூச்சில் குறட்டை வந்துவிட்டது.

அவர் கேட்ட பிறகுதான் என் முதுகு எனக்குச் சொல்லிற்று. நாலு அங்குலம், கெட்டி ஸ்பாஞ்சு. கையை மெதுவாகத் துணிக்கு அடியில் விட்டுத் தடவினேன். மூலையில் குறுக்குத் தையல்.

அப்போது சைரன் ஊதியது. கூடத்துக்கு வெளியே மேஜை போட்டு மருமகள் மைக் வைத்திருந்தாள். “யாரும் எங்கயும் நகரக் கூடாது. நோயாளிங்களை மாத்தக் கூடாது. எல்லா வார்டும் இப்பவே, ஒரே நேரத்துல, கட்டில், மெத்தை, ஆக்சிஜன் எண்ணிச் சொல்லுங்க” என்றாள். கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அடிபட்டவர்களை எங்கே படுக்க வைப்பது. அவள் பாடத்தில் அதுதான் முதல் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிப் போட ஸ்டோர் அம்மாவை வைத்திருந்தாள்.

ஸ்டோர் அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. “நீல மெத்தையைத் தனியாச் சொல்லுங்க. பழசைத் தனியாச் சொல்லுங்க. என் தலைவலி இன்னிக்கே தீரட்டும்.”

நாலு மாதமாக ஓடி விளையாடின மெத்தைகளெல்லாம் முதல் தடவையாக ஒரே நேரத்தில் நிற்கின்றன. முதல் மாடி முழுக்க ஆபீஸ், வார்டு இல்லை. இரண்டாம் மாடி இருபத்தாறு. மூன்றாம் மாடி முப்பத்தொன்று. நாலாம் மாடி இருபத்திரண்டு. ஐந்தாம் மாடி பதினேழு.

“தொண்ணூத்தாறு” என்றாள் ஸ்டோர் அம்மா. “நாலு குறையுதே. நூறு இருந்தா இப்பவே முத்திரை குத்திட்டு நிம்மதியாப் போயிருப்பேன். குறைச்சலா வச்சுக்கிட்டுக் குத்த முடியாதும்மா.”

“சரி, நாம அடுத்ததைப் பாப்போம்” என்றாள் மருமகள். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

செத்தவர்கள் நாலு பேர், கீழே நாலு மெத்தை. அந்த நாலும் எங்கே இருக்கின்றன என்று அந்த ஐந்து மாடியிலும் தெரிந்த ஒரே ஆள் நான். நானோ செத்துக் கிடக்கிறேன். வாயைத் திறந்தால் அவள் மதிப்பெண் போகும், திறக்காவிட்டால் அவள் வருஷம் போகும். வாழ்நாளில் இவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததே இல்லை. பக்கத்தில் நாளைக்கு சார் நிம்மதியாகக் குறட்டை விடுகிறார்.

கதவு திறந்தது. பேராசிரியரும் மருமகளும் செத்தவர்களைப் பார்க்க வந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, இடது காலின் கட்டைவிரலையும் அடுத்த விரலையும் இடுக்கி போல வைத்து, பக்கத்து மெத்தையின் வெள்ளைத் துணியைக் கவ்வி இழுத்தேன். இழுத்தேன் என்றால் அப்படி இப்படி இல்லை, ஊசி பிடித்துப் பழகின உடம்பு. துணி சரசரவென்று வந்தது.

“செத்தவர் கால் அசையுதே” என்றார் பேராசிரியர்.

“அவருக்கு உயிரோட இருந்தப்பவும் சும்மா இருக்கத் தெரியாது சார்” என்றாள் மருமகள்.

அவள் குனிகிற சத்தம் கேட்டது. நீல ரெக்ஸின், வெள்ளைக் குறுக்குத் தையல். என் பட்டறையில் உட்கார்ந்து படித்தவளுக்கு அது தெரியாதா.

“சார், ஒரு தப்பு பண்ணிட்டேன்” என்றாள். “செத்தவங்களுக்குக் கட்டில் தேவைப்படாதுனு இந்தக் கூடத்தை எண்ணிக்கையில சேர்க்காம விட்டுட்டேன். இங்கயும் எண்ணணும்.”

“எண்ணுங்க. விட்டது தப்பு, கண்டுபிடிச்சது நல்லது. ரெண்டையும் எழுதிக்கறேன்” என்றார் அவர்.

ஸ்டோர் அம்மா வந்தாள். எங்கள் நாலு பேரின் துணி ஓரத்தையும் தூக்கிப் பார்த்தாள். “அடப்பாவிங்களா. எக்சர்சைஸ் பண்ணத் தூக்கிட்டு வந்து இங்கயே போட்டுட்டாங்களா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நூறு.” என் தலைமாட்டிலேயே முத்திரையைக் குத்தினாள். டொக் என்று ஒரு சத்தம். நான் கேட்ட சங்கீதங்களிலேயே அதுதான் உசத்தி.

விசில் ஊதியதும் சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாரும் கை தட்டினார்கள். செத்தவர்களில் மூன்று பேர் எழுந்தோம். நாலாமவர் எழவில்லை. தட்டினார்கள், உலுக்கினார்கள், அசையவில்லை. குறட்டையும் நின்றிருந்தது. ஒரு நிஜ நர்ஸ் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தாள். எல்லார் முகமும் வெளுத்துவிட்டது. கறுப்பு அட்டைக்காரர் கண்ணைத் திறக்காமலே, “நாளைக்கு வாங்க” என்றார்.

முப்பது அடிபட்டவர்களும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஏதோ எழுதினார். செத்தவர்கள் இன்னும் கொஞ்சம் செத்தவர்களாக இருந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தார், மீதியெல்லாம் போட்டார். அந்த ஒன்று என் கால்விரலின் விலை. கொடுத்த விலைக்குத் தரமான சரக்கு.

நாளைக்கு சார் சொன்ன சொல் தவறவில்லை. முதுகைத் தேய்த்துக்கொண்டே வந்து முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அன்றைக்கே செக் எழுதினார். “வீட்டுக்கு ஒரு மெத்தை வேணும் பெரியவரே, எப்ப வரட்டும்?” என்றார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

சனிக்கிழமை வங்கிக் கதவு திறக்கும்போது நானும் மருமகளும் வாசலில் நின்றோம். பணத்தை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினோம். வாய் திறக்காத என் மகன் வழியெல்லாம் ஹாரனைத் திறந்துவிட்டான். கல்லூரியில் ஃபீஸ் ஜன்னலுக்கு முன் ஒரு நீள வரிசை. எங்கள் முறை வந்தபோது உள்ளே இருந்தவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நோட்டுக் கட்டை ஜன்னலுக்குள் நீட்டப் போனேன்.

“அங்க இல்ல மாமா” என்றாள். “கடன் என்கிட்ட வாங்கினது. என் கையில குடுங்க.”

“நேரமாச்சும்மா.”

“எண்ணிக் குடுங்க.”

உள்ளங்கையை விரித்து நீட்டினாள். நான் ஐநூறு நோட்டாக எண்ணி வைத்தேன். நாற்பதாவதில் எண்ணிக்கை தவறியது. “முப்பத்தொம்பதை ரெண்டு தடவை சொல்லிட்டீங்க, மறுபடி” என்றாள். மறுபடி ஆரம்பித்தேன். வரிசையில் நின்ற பிள்ளைகளும் என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். ஜன்னலுக்குள் இருந்தவர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். நோட்டு அடுக்கு உயர உயர அவள் கட்டைவிரலை மடக்கி மேலே அழுத்திக்கொண்டாள், கையை மூடவில்லை. நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்தொன்பது என்று வரிசை முழுதும் கத்த, நூற்றிருபதாவது நோட்டை அந்த உள்ளங்கையில் வைத்தேன்.